புறநகர் வாழ்வும் பொதுநிலமும்



நகரத்தின் சந்தடியினின்று நீங்கி, அதற்கு அணுக்கமாயும் நாட்டுப்புறத்தின் நலங்கள் குன்றாததாயும் உள்ள ஓரிடத்தில் மனை வாங்கி, அளவான வீடொன்று கட்டி, முன்றிலில் ஒரு வேம்பும் புழைக்கடையில் இரண்டு வாழையும் வைத்து, மக்களும் சுற்றமும் சூழ அமைதியாக வாழ்தல் வேண்டும் என்னும் விருப்பம் இக்காலத்தே நம்மவர் பலர் உள்ளத்தில் வேரூன்றி நிற்கின்றது. பிறந்த ஊரின் நிலத்தை விற்றுக் கையிற் பொருளொடு வந்தோரும், உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றோரும், அடுக்குமாடிக் கட்டடங்களில் அயல்வீட்டார் பெயரும் அறியாது சலித்தோரும் இவ்விருப்பத்தையே நம்மிடத்துப் பன்முறை கூறக் கேட்டிருக்கின்றோம். விருப்பம் நல்லதே. ஆயின், அவ்வமைதி எதனால் உண்டாகின்றது, எதனால் அழிகின்றது என்பதை ஆராயாது மனை வாங்குவோர், நிழலுள்ளதென்று மரத்தடியில் இடம் வாங்கிப் பின் அம்மரத்தை விறகுக்கு விற்போரை ஒப்பர். ஆதலின், இவ்வகைக் குடியிருப்புக்களின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறி, அதனால் நாம் அறியத்தக்கது யாதென்று ஆராயப் புகுகின்றோம்.

முன்னோர் கண்ட புறநகர்

நகருக்குப் புறத்தே அமைதியான குடியிருப்பு அமைதல் மேனாட்டாரிடமிருந்து நாம் கற்றதென்று எண்ணற்க. சிலப்பதிகாரத்துள் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டு பகுதியாய் அமைந்திருந்தது. அவ்விரண்டிற்கும் இடையே மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி நடந்தது. வாணிகத்தின் ஆரவாரமும் மரத்தின் நிழலும் ஒருங்கு கூடிய இடம் அஃது. கண்ணகியும் கோவலனும் மதுரையை அடைந்த காலத்தில் முதலில் தங்கியது கோட்டைக்குப் புறத்ததாகிய புறஞ்சேரியில். கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாகக் கொடுத்தது மாதரி என்னும் ஆயர் முதுமகளிடத்தில். மாளிகை வாழ்வு வாழ்ந்த அவ்விருவரும் இறுதியாக ஒருங்கிருந்து உண்டது ஆயர்பாடியிற் சிறுமனை ஒன்றில் என்பதைக் கற்றோர் அறிவர்.

ஈண்டுச் சேரி என்னும் சொல்லைக் கருதுதல் வேண்டும். சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பழம்பொருள். எவ்வகைத் தொழிலோர் வாழ்ந்த இடமும் முற்காலத்தில் சேரியெனப்பட்டது. பிற்காலத்தில், ஒடுக்கப்பட்ட மக்களை ஊருக்குப் புறம்பே ஒதுக்கி வைத்தபோது, அச்சொல்லையும் அவர்களோடு சேர்த்தே ஒதுக்கிவிட்டோம். சேர்தலைக் குறித்த சொல் பிரித்தலைக் குறிக்கும் சொல்லாயிற்று. இதனை நாம் பின்னரும் நினைவுகூர வேண்டியிருத்தலின் முன்னரே சொல்லி வைத்தோம்.

சென்னையைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களும் நமக்கு ஒரு செய்தி கூறுகின்றன. மந்தைவெளி என்பது மாட்டு மந்தை நின்ற வெளி. பழவந்தாங்கல் என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் தாங்கல் என்பது சிறிய நீர்நிலையைக் குறிக்கும் சொல். மேற்கு மாம்பலத்தில் ஏரியை நோக்கிய சாலை என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயர் பூண்ட தெரு இன்றும் உண்டு. அங்கு நின்று நோக்குவார்க்கு ஏரி மட்டும் தென்படாது. பெயர் நிற்கப் பொருள் மறைந்தது எங்ஙனம் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

ஹவர்டு கண்ட தோட்டநகர்

புறநகர் அமைப்பைப் பற்றி இக்காலத்தில் ஆராய்வோர் எவரும் எபனேசர் ஹவர்டு என்னும் ஆங்கிலேயரைக் கூறாது விடுதல் இயலாது. இவர் 1850-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஓர் எளிய வணிகர் குடியிற் பிறந்தார். பதினைந்தாம் அகவையிற் கல்விச்சாலையை விட்டு எழுத்தர் பணியில் அமர்ந்தார். 1871-இல் அமெரிக்கா சென்று நெப்ராஸ்கா நாட்டில் உழவு செய்ய முயன்று தோற்றார். பின்னர்ச் சிக்காகோ நகரிற் சுருக்கெழுத்துத் தொழில் செய்து, 1876-இல் தாய்நாடு திரும்பிப் பாராளுமன்றப் பேச்சுக்களைக் குறிப்பெடுக்கும் பணியை மேற்கொண்டார். பெருநிலக்கிழாரோ கட்டடக் கலைஞரோ அல்லர்; பிறர் பேச்சைக் கேட்டு எழுதிப் பிழைத்த ஒருவர். ஆயினும், கேட்டவற்றுள் எது செய்யத்தக்கது என்று தமக்குள் எண்ணும் இயல்புடையராயிருந்தார்.

அக்காலத்து இலண்டனின் நிலை இரங்கத்தக்கது. 1801-இல் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரம் 1901-இல் தன் சுற்றுப்புறங்களோடு 65 லட்சம் மக்கள் நெருங்கி வாழும் இடமாயிற்று. நாட்டுப்புறத்திற் பிழைப்பின்றி வந்தோர் நகரத்தில் ஓர் அறைக்குள் ஒரு குடும்பமாக அடைபட்டனர். நாட்டுப்புறமோ ஆளின்றி வறண்டது. நகரத்தில் தொழிலுண்டு, காற்றில்லை. நாட்டில் காற்றுண்டு, தொழிலில்லை. இவ்விரண்டு குறையும் நீங்க வேண்டின் இரண்டையும் மணம் புணர்த்தல் வேண்டும் என்று ஹவர்டு கண்டார். 1898-இல் அவர் தம் கருத்தை ஒரு நூலாக வெளியிட்டார். அதுவே 1902-இல் திருத்தம் பெற்று, நாளைய தோட்ட நகரங்கள் என்னும் பொருள் தரும் பெயரோடு மீண்டும் வெளிவந்தது.

அந்நூலில் அவர் வகுத்த திட்டம் இது: 6,000 ஏக்கர் நிலம் வாங்குக, அதில் 1,000 ஏக்கரில் மட்டும் நகரம் அமைக்க, எஞ்சிய 5,000 ஏக்கரும் கழனியாயும் தோப்பாயும் மேய்ச்சலாயும் நகரைச் சுற்றி என்றும் நிற்க, நகரத்தில் 30,000 பேரும் சூழ்ந்த நிலத்தில் 2,000 பேரும் வாழ்க. மக்கள் பெருகின், அந்நகரைப் புடைக்க விடாது, இடையே வெளிநிலம் விட்டு அப்பால் மற்றொரு நகர் காண்க.

இவ்வளவும் படம் வரைவோர் எவரும் வரையக்கூடியதே. ஹவர்டின் நுட்பம் வேறொன்றில் உளது. வெறுநிலமாயிருந்தபோது குறைந்த விலையுடைய மண், மக்கள் வந்து குடியேறி, சாலையும் பள்ளியும் கடையும் தோன்றியபின் பன்மடங்கு விலை பெறுகின்றது. அவ்விலையை உயர்த்தியவர் யார்? குடியேறிய மக்கள் அனைவருமே. அதன் பயனைப் பெறுபவர் யார்? முன்னரே வாங்கி வைத்திருந்த ஒருசிலர். இது முறையன்று, ஆதலின் நிலம் முழுதும் ஊர்ப்பொதுவாக நிற்றல் வேண்டும், குடிகள் நெடுநாட் குத்தகையாக மனையைப் பெற்று வாடகை செலுத்துதல் வேண்டும், முதலிட்டோர்க்கு அளவான வட்டி கொடுத்து, எஞ்சியதைச் சாலைக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் முதியோர் பாதுகாப்பிற்கும் செலவிடுதல் வேண்டும் என்பது அவர் துணிபு. மரமும் மலரும் அந்நகரின் புறத்தோற்றம். பொதுநிலமே அதன் உயிர்.

லெட்ச்வர்த் நகரின் வரலாறு

நூல் எழுதியதோடு அவர் அமைந்திலர். 1899-இல் ஒரு கழகமும், 1903-இல் ஒரு கம்பெனியும் தோன்றின. இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 35 மைல் தொலைவில் லெட்ச்வர்த் என்னுமிடத்தில் 3,818 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் முறையாகத் தொடங்கப்பட்டது. பாரி பார்க்கர், ரேமண்ட் அன்வின் என்னும் இரு கட்டடக் கலைஞர் நகரின் அமைப்பை வரைந்தனர். ஓர் ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகளுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது அன்வின் கொள்கை. வீடுகளை நெருக்குவதால் ஊதியம் ஒன்றுமில்லை என்பதைக் கணக்கிட்டுக் காட்டி 1912-இல் அவர் ஒரு சிறுநூலே வெளியிட்டார். நெருக்கிக் கட்டினால் சாலைச் செலவு மிகுவதையும், வெளிநிலம் குறைவதையும் எண்ணிப் பார்ப்பின் மிச்சம் பெரிதன்று என்பது அவர் காட்டிய உண்மை.

தொழிற்சாலைகள் வந்தன, அச்சுத்தொழிலும் நூல் கட்டும் தொழிலும் அங்கே இடம் பெற்றன. 150 பவுனுக்கு மேற்படாத செலவில் உழைப்பாளர்க்கு வீடு கட்டுவது எப்படி என்று காட்டும் பொருட்காட்சி ஒன்று 1905-இல் நடத்தப்பட்டது. மதுவிற்பனை வேண்டுமா என்று 1907-இல் ஊரார் கருத்தைக் கேட்டபோது, வேண்டா என்றே பெரும்பான்மையோர் கூறினர். அவ்வாண்டில் மதுவில்லாத ஒரு விடுதி திறக்கப்பட்டது. மாலையில் ஆடவரும் மகளிரும் தேநீர் அருந்தி விளையாடிப் பேசியிருக்கும் கூடமாக அது விளங்கிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்வூரார் இவ்விரதத்தைக் காத்தனர்.

குறைகளும் இருந்தன. அவற்றை மறைத்தல் வரலாறு எழுதுவோர்க்கு அழகன்று. கம்பெனியிற் போதிய முதல் சேரவில்லை. முதலிட்டோர்க்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாத ஊதியம் என்று வரம்பிட்டிருந்தும், தொடக்க ஆண்டுகளில் அதனையும் கொடுக்க இயலவில்லை. வீடுகள் மலிவென்று சொல்லப்பட்டனவேனும், கூலிவேலை செய்வோர் பலர்க்கு அவை எட்டவில்லை. அவர்கள் அண்டையூர்களிலிருந்து நாடோறும் வந்து வேலை செய்து திரும்பினர். நகரைக் கட்டிய கை நகரில் உறங்க இடமின்றிப் போதல், எவ்வளவு நல்ல நோக்கமுடைய முயற்சியிலும் நேரும் குறையென்பதை இதனால் அறிகின்றோம்.

இனிக் கூறப்போவதே நம்மவர் உற்றுக் கேட்கத்தக்கது. ஹவர்டு 1920-இல் வெல்வின் என்னும் இரண்டாவது தோட்டநகரைத் தொடங்கி, அங்கேயே வாழ்ந்து, 1928-இல் மறைந்தார். காலம் செல்லச் செல்ல, லெட்ச்வர்த் கம்பெனியின் ஊதிய வரம்பு நீக்கப்பட்டது. நகரம் வளர்ந்து மண்ணின் மதிப்பு உயர்ந்திருந்த காலம் அது. வரம்பு நீங்கியதும் பங்குகளின் மேல் வாணிகர் கண் விழுந்தது. 1960-ஆம் ஆண்டையொட்டி, ஊதியமே கருதிய ஒரு நிறுவனம் பங்குகளை வாங்கிக் கம்பெனியைத் தன் கைப்படுத்திற்று. ஊரார் திடுக்குற்றனர். பொதுவென்று தாம் எண்ணியிருந்த சாலையும் தோட்டமும் கழனியும் பிறர் விற்கக்கூடிய சரக்காயிருத்தலை அன்றுதான் கண்டனர். அவர்கள் வாளா இருந்திலர், கூடினர், வாதாடினர், பாராளுமன்றம் வரை சென்றனர். 1962-இல் தனிச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. 1963-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து நகரின் நிலம் ஒரு பொது மன்றத்தின் வசமாயிற்று. 1995-இல் அம்மன்றத்தின் இடத்தை ஓர் அறநிலையம் பெற்றது. நிலத்தால் வரும் வருவாய் இன்றும் ஊர் நலத்திற்கே செலவாகின்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 33,000 பேர். ஹவர்டு தம் திட்டத்திற் கண்ட 32,000 என்னும் தொகையை இஃது ஏறக்குறைய ஒத்திருத்தல் வியப்பே.

ஒரு நல்லெண்ணம், ஒரு விதி, அவ்விதியைக் காக்கும் மக்கள் என்னும் மூன்றனுள், எண்ணம் மட்டும் இருந்தாற் போதாது. விதியை நீக்கிவிட்டால் எண்ணமும் நில்லாது. மக்கள் விழித்திருந்தாலன்றி விதியும் நில்லாது. இதுவே லெட்ச்வர்த் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

ஹாம்ஸ்டெட்டின் படிப்பினை

அக்காலத்திலேயே இலண்டனுக்கு வடமேற்கில் ஹென்ரியெட்டா பார்னெட் என்னும் அம்மையார் மற்றொரு முயற்சி செய்தார். நகரத்து ஏழை மக்களிடையே தம் கணவரோடு பல்லாண்டு தொண்டாற்றியவர் அவர். நிலத்தடி இருப்புப்பாதை தம் வீட்டுப் பக்கம் வரப்போவதறிந்து, அதனைத் தொடர்ந்து நெருக்கமான கட்டடங்கள் வந்து ஹாம்ஸ்டெட் புல்வெளியை விழுங்கும் என்று அஞ்சினார். ஊரார் துணைகொண்டு 80 ஏக்கர் நிலத்தைப் புல்வெளியோடு சேர்த்துக் காத்தார். அதனையடுத்த 243 ஏக்கரில் 1907-இல் தோட்டப் புறநகர் ஒன்றைத் தொடங்கினார். ஏக்கருக்கு 8 வீடுகளுக்கு மேல் இல்லை; வீட்டு எல்லைகளுக்கு மதிலில்லை, வேலிச்செடியே உண்டு; செல்வரும் எளியரும், இளையரும் முதியரும் அடுத்தடுத்து வாழ்தல் வேண்டும் என்பன அவர் விதிகள்.

அங்கு மரமும் வேலியும் அழகும் இன்றும் நிற்கின்றன. எளியவர்தாம் இல்லை. இடம் அழகானதால் விலை உயர்ந்தது. விலை உயர்ந்ததால் எளியவர் விலகினர். இன்று அது பெருஞ் செல்வர் வாழுமிடம். அம்மையார் மண்ணின் தோற்றத்திற்கு வகுத்த விதி நிலைத்தது. மக்களின் கலப்பிற்குக் கொண்ட விருப்பம் நிலைக்கவில்லை. வீட்டின் உயரத்தை அளக்கக் கோல் உண்டு. அயலான் நம்மோடு வாழ்வதைக் காக்கக் கோலில்லை. அதனை உள்ளத்தாலேயே அளந்து காத்தல் வேண்டும்.

சென்னையும் மாம்பலமும்

இக்கருத்துக்கள் கடல் கடந்து நம் நாட்டிற்கும் வந்தன. பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் நகரமைப்புக் காட்சி ஒன்றைச் சென்னையில் நடத்த 1914-இல் வந்தார். அவருடைய படங்களையும் வரைவுகளையும் ஏற்றிவந்த கப்பலை, சென்னைத் துறையிற் குண்டு வீசிய எம்டன் கப்பலே கடலில் மூழ்கடித்தது. நண்பர்கள் மீண்டும் படங்கள் திரட்டி அனுப்ப, 1915-இல் காட்சி நடந்தேறியது. பின்னர் அவர் இம்மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழந்தெருக்களை இடித்துத் தள்ளி நேர்கோட்டுச் சாலை இடுவதை அவர் உடன்பட்டிலர். நோயுற்ற உறுப்பை மட்டும் நீக்கி எஞ்சியதைக் காக்கும் மருத்துவன்போல் ஊரைத் திருத்துக என்றார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் கண்டித்தார். குளம் கெட்டதாயின் அதனைத் தூய்மை செய்க, தூர்க்கற்க என்பது அவர் வாதம்.

1920-இல் சென்னை மாகாணத்து நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பெருகும் மக்களுக்குக் குடியிருப்பு வேண்டுமென்று 1923-இல், நகரின் மேற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்து மனைகளாக்கும் வேலை தொடங்கிற்று. அதுவே சர் பிட்டி தியாகராயர் பெயரால் தியாகராய நகராயிற்று. நடுவே பூங்கா, அதற்குப் பனகல் அரசர் பெயர், அதனின்று கதிர்கள்போற் பிரியும் தெருக்கள், அகன்ற மனைகளில் தோட்டமொடு கூடிய வீடுகள். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கவே, மாம்பலம், சைதாப்பேட்டை முதல் தாம்பரம் வரை இருப்புப்பாதையோரத்து ஊர்கள் அனைத்தும் நகரின் புறக்கைகளாயின. காலையில் நகரத்தில் உத்தியோகம், மாலையில் திண்ணையும் தென்னங்காற்றும் என்னும் வாழ்வு நடுத்தரக் குடும்பங்கட்குக் கிட்டிற்று. அவ்வாழ்வின் இனிமையை நம் முதியோர் இன்றும் எடுத்துச் சொல்வர்.

அதே தியாகராய நகர் இன்று என்னவாயிற்று? பனகல் பூங்கா நிற்கின்றது. அதனைச் சூழ்ந்த தெருக்கள் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த பெருஞ்சந்தையாயின. திருவிழாக் காலத்தில் இரங்கநாதன் தெருவில் கால்வைக்க இடமில்லை. தோட்ட வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தன. அங்கே குடியேறியோர் தீயோர் அல்லர். வீட்டை விற்றோரும் தீயோர் அல்லர். ஒவ்வொருவரும் தத்தம் மனையைத் தத்தம் நலம் கருதி விற்றனர். அனைவர்க்கும் பொதுவான அமைதியைக் காப்பது எவர்க்கும் உரிய கடமையாக எழுதப்படவில்லை. விலையுயர்ச்சியின் பயன் தனித்தனியே பிரிந்து சென்றது. அதன் துன்பம் மட்டும் பொதுவில் எஞ்சிற்று. ஹவர்டு அஞ்சியதும் இதுவே.

நீரும் தன் பழவழியை மறந்திலது. மாம்பலம் ஏரிக்குப் பின் நுங்கம்பாக்கம் ஏரியும் மறைந்தது. அதன் படுகையில் எழுந்த வள்ளுவர் கோட்டம் 1976-இல் திறக்கப்பட்டது. வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதியும் மனைகளாயிற்று. 2015-ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்திற் பெய்த பெருமழையில் தாழ்ந்த இடங்களில் எல்லாம் வெள்ளம் நின்றதை மறந்தார் யார்?

எம் அனுபவம் ஒன்று

ஈண்டு எம் அனுபவத்தையும் கூறுதல் பொருந்தும். யாம் 2009-ஆம் ஆண்டில் சென்னைக்குத் தெற்கே உள்ள ஒரு புறநகரில் மனை வாங்கிக் குடியேறினோம். அக்காலத்தே மழைநாள் இரவுகளில் தவளைகளின் ஒலியால் உறக்கம் வாராது. விடியலில் கொக்கும் நாரையும் ஏரிக்கரையில் நிற்கும். மாடு மேய்க்கும் முதியவர் ஒருவர் நாடோறும் எம் வாயிலில் நின்று, இவ்விடம் முன்னர்ப் பிள்ளைமார் வயல், அவ்விடம் உபரிநீர் செல்லும் கால் என்று காட்டுவார். யாம் கேட்டு மகிழ்ந்தோமேயன்றிக் குறித்துக்கொள்ளவில்லை.

மனைகளை விற்றவர் காட்டிய வரைபடத்தில் ஒரு மூலை பச்சை நிறம் தீட்டிப் பூங்கா எனக் குறிக்கப்பட்டிருந்தது. அதனைக் கண்டே பலர் வாங்கினோம். ஆனால் அப்பூங்கா ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று எம்முள் ஒருவரேனும் கேட்டிலோம். தமிழ் இலக்கணத்தில் ஓர் எழுத்துப் பிழையும் பொறாத யாம், எம் வாழ்க்கையின் பெரும்பொருளைக் கொடுத்து வாங்கிய பத்திரத்தில் எழுதப்படாது விட்டதைக் காணவில்லை. சில ஆண்டுகளில் அம்மூலையும் மூன்று மனைகளாயிற்று. முதியவர் காட்டிய நீர்க்காலின் மேலும் சுவர் எழுந்தது. 2015-இல் எம் வீட்டினுள் முழங்கால் அளவு நீர் நின்றபோது, எம் ஏடுகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தோம். அவ்விரவில் யாம் எவரையும் நோகவில்லை. எம் வாளாமையையே நொந்தோம்.

உத்தரமேரூர் காட்டும் வழி

பொதுவைக் காக்கும் வழி நம் நாட்டார்க்குப் புதிதன்று. காஞ்சிபுரத்திற்கு அணித்தாகிய உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்களைக் காண்க. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையால் வாரியத்தாரைத் தெரிந்தனர். ஏரிக்கென்று ஒரு வாரியம். தோட்டத்திற்கென்று ஒரு வாரியம்! நிலமும் நீரும் தோப்பும் தாமே நிற்கமாட்டா, அவற்றிற்கென ஆள் வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே அறிந்திருந்தனர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாது விட்டவரும், அவர்க்கு உறவினரும் தேர்ந்தெடுக்கப்படத் தகார் என்றும் விதித்தனர். உறவினன் என்று பிழையை மூடாத அவ்வுறுதி, சங்கங்கள் நடத்தும் நமக்கு இன்றியமையாதது.

அம்முறையில் நிறையேயன்றிக் குறையும் உண்டு. சொந்த மனையும் காணி நிலமும் இல்லார்க்கும் மகளிர்க்கும் அவ்வோலையில் இடமில்லை. ஆதலின் அதன் ஒழுங்கைக் கொள்வோம். அதன் குறுக்கத்தைக் கொள்ளாதொழிவோம்.

நாம் செய்யத்தக்கன

இனி நம் குடும்பங்கள் ஆற்றத்தக்கவற்றைக் கூறி முடிப்போம். மனை வாங்குமுன் பட்டாவும் வில்லங்கச் சான்றும் மட்டும் பார்த்து அமையற்க. கிராமத்துப் புல வரைபடத்தைப் பெற்று, ஏரி, குளம், கால்வாய், மேய்க்காற் புறம்போக்கு ஆகியன எங்குள்ளன என்று அறிக. இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காடு பொதுவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்படல் வேண்டும். அவ்வொப்படைப்புப் பத்திரத்தின் படியைக் கேட்டு வாங்குக. வண்ணம் தீட்டிய படத்தை நம்பற்க. நீர்நிலைகளைக் காக்க 2007-இல் இயற்றப்பட்ட சட்டம் தமிழ்நாட்டில் உண்டு. அது தானே எழுந்து நடவாது, ஊரார் எழுந்தால் நடக்கும்.

குடியேறியபின், ஏரிக்கொருவர், மரத்திற்கொருவர், கணக்கிற்கொருவர் என்று பொறுப்பேற்று, ஆண்டுதோறும் கணக்கைப் படித்துக் காட்டுக.

இறுதியாக ஒன்று, இதனைச் சொல்லாது விட எம் மனம் ஒருப்படவில்லை. நம் மரபினர் மட்டுமே வாழும் தனிக் குடியிருப்பு ஒன்று அமைத்தால் அமைதி நிலவும் என்று நம்முட் சிலர் கருதுகின்றனர். அன்பினாற் கூறுவதேயாயினும் அக்கருத்திற்கு யாம் உடன்பட்டிலோம். வரலாற்றில் அமைதியைக் கெடுத்தது அயலாரின் குலம் அன்று. பொதுநிலம் தனிநிலமானதே கெடுத்தது. உறவினர் மட்டுமே வாழும் தெருவிலும் நீர்க்காலை அடைத்தால் வெள்ளம் வரும். வெள்ளம் குலம் கேட்டு வீட்டினுள் நுழைவதில்லை. வீடு கட்டிய கொத்தனாரும், பால் கொணர்ந்த முதியவரும், அவர் மக்களும் வாழ இடமில்லாத ஊர், ஹாம்ஸ்டெட் போல அழகாயிருக்கலாம், ஊராயிராது. சேரி என்னும் சொல்லின் பொருளை ஒருமுறை கெடுத்தோம். அதனை மீண்டும் சேர்தலாக்கும் கடமை நமக்குண்டு. எமக்கு நீர்க்காலைக் காட்டியவர் நம் குலத்தார் அல்லர். அவர் சொல்லைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தோமாயின் எம் வீடு நனைந்திராது.

ஆகவே, புறநகரின் அமைதியை நாடிச் செல்லும் நம் குடும்பத்தார், தம் வீட்டு மதிலுக்குள் எவ்வளவு நிலம் உண்டென்று கேட்பதோடு, மதிலுக்கு வெளியே அனைவர்க்கும் பொதுவாக எவ்வளவு நிலம் உண்டென்றும் கேட்பாராக. நம் மக்கள் விளையாடுவதும், மழைநீர் தங்குவதும், முதியோர் மாலையில் அமர்ந்து பேசுவதும் அங்கேயன்றோ?